சட்டை கருகாத வேலைக்கும் ஒரு பதக்கம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கும், குடியரசு நாளுக்கும், ஆகஸ்ட் 15-க்கும், செப்டம்பர் 15 அண்ணா பிறந்த நாளுக்கும் சீருடைப் பணியாளர்களின் பதக்கப் பட்டியல் உங்கள் நாளிதழில் வருகிறது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கத்தை நான் தவறவிடுவதில்லை. காவல்துறைப் பெயர்களைத் தாண்டி எங்கள் தீயணைப்புத் துறைப் பெயர்கள் எங்கே என்று தேடுவேன். தெரிந்தவர் இருந்தால் போன் போட்டு வாழ்த்துவேன். பட்டியலில் பெரிய குறை சொல்வதற்கில்லை. 2012 ஜனவரியில் சென்னை எழிலகத்தில் தீப்பிடித்தபோது உள்ளே போய்த் தீக்காயம் பட்ட அதிகாரி பிரியா ரவிச்சந்திரனுக்கு அண்ணா பதக்கம் கொடுத்தார்கள். அந்தத் தீயில் எங்கள் ஆள் ஒருவர் உயிரையே விட்டார். அப்படிப்பட்ட பதக்கத்தைப் பற்றிப் பேச யாருக்கு வாய் வரும்?

நான் கேட்பது வேறு. தீக்குள் போனவருக்குப் பதக்கம் உண்டு. கிணற்றில் இறங்கியவருக்கும் உண்டு. இறங்கி ஏறி வந்தவன் அதற்கப்புறம் தூங்குகிறானா, சோறு இறங்குகிறதா, வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகளிடம் முகம் கொடுத்துப் பேசுகிறானா என்று பார்த்துக்கொண்ட நிலைய அலுவலருக்கு என்ன உண்டு? அப்படியும் ஒரு சேவை இருப்பது பட்டியல் போடுகிறவர்கள் காதுக்கே எட்டவில்லை போலிருக்கிறது. எட்ட வைக்கத்தான் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். இடமில்லை என்று வெட்டுவதானால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் முன்னணி தீயணைப்போராக ஓய்வு பெற்றவன். கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில்தான் என் பணிக்காலம் முழுவதும் போனது. இப்போது காங்கயம் பக்கம் கொஞ்சம் தென்னையும் இரண்டு எருமையுமாகப் பொழுது போகிறது.

தீயணைப்பு வண்டி என்றதும் எல்லோருக்கும் தீதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் முதலில் கிணறு என்பார்கள். பாறையைக் குடைந்து அறுபதடி, எண்பதடி, சில இடங்களில் நூறடிக்கு மேலும் போன கிணறுகள். பலவற்றுக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மாடு விழும், ஆடு விழும், மயில்கூட விழும். குடித்துவிட்டு வரப்பில் நடந்தவர் விழுவார். கோடை விடுமுறையில் நீந்தப் போன பிள்ளைகளும் உண்டு. அப்புறம் கீழ்பவானி, பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால்கள். தண்ணீர் ஓடுகிற பருவத்தில் மதகடியில் என்ன வந்து ஒதுங்கும் என்பதை விவரிக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் பக்கம் பவானி ஆற்றில், பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தது தெரியாமல் குளித்துக்கொண்டிருந்தவர்கள். சாயப்பட்டறைத் தொட்டிக்குள் ஒருவர் மயங்கி, அவரைத் தூக்க இறங்கியவரும் மயங்கி, அவருக்குப் பின்னால் இன்னொருவர். நெடுஞ்சாலையில் நசுங்கிய வண்டியை வெட்டி ஆளை எடுக்க வேண்டும்.

தீ என்றால் எங்களுக்குப் பஞ்சு. கழிவுப் பஞ்சு குடோன் பற்றிக்கொண்டால் மேலே அணைந்த மாதிரி இருக்கும், பொதிக்குள்ளே கனன்றுகொண்டே இருக்கும். ஒவ்வொரு பொதியாக உருட்டி, பிரித்து, நனைத்து, மறுபடி உருட்ட வேண்டும். விடிய விடிய நடக்கும். இடுப்பு கழன்று போகும். ஆனால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். பஞ்சுக் குடோன் தீயை நினைத்து ராத்திரி அலறி எழுந்த ஆளை நான் பார்த்ததில்லை.

ஒரு மே மாதம். எந்த ஊர், எந்த வருடம் என்பது வேண்டாம், அந்தக் குடும்பம் அங்கேயேதான் இருக்கிறது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் கால் வந்தது (உதவி கேட்டு வரும் போன் அழைப்பை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). தோட்டத்துக் கிணற்று மேட்டில் சின்னப் பையன்களின் செருப்பும் சட்டையும் கிடக்கிறது, இரண்டு பேரைக் காணோம். எங்கள் நிலையத்தில் அப்போது பணிக்கு வந்து அதிக நாள் ஆகாத தம்பி ஒருவன் இருந்தான். ஆற்றங்கரையில் வளர்ந்தவன், நன்றாக முங்குவான். அவன்தான் இறங்கினான். மூத்தவனை முதலில் எடுத்தான். சின்னவன் கிடைக்க வெகு நேரமானது. வலையில் வைத்து மேலே இழுத்துக் கிடத்தினோம்.

சின்னவனின் டவுசர் பையில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பை. அதற்குள் காகிதத்தில் மடித்த உப்பும் மிளகாய்ப்பொடியும். மாங்காய்க்கு வைத்திருக்கிறான். பையின் வாயை அவ்வளவு கெட்டியாக முடிந்திருந்தான், இத்தனை நேரம் தண்ணீருக்குள் கிடந்தும் பொடி நனையவே இல்லை. அதை வெளியே எடுத்ததும் அந்தத் தம்பிதான். கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றான். பையன்களின் அப்பா எங்களைப் பார்த்து, “ஏனுங்க, கோயமுத்தூருக்குக் கொண்டு போனா ஏதாச்சும் பண்ண முடியுமுங்களா?” என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் வேலையை எங்கள் நிலைய அலுவலர் எங்களிடம் விடவில்லை. அவரே போய், அந்த மனிதரைக் கிணற்று மேட்டில் உட்கார வைத்து, தானும் மண்ணில் உட்கார்ந்து சொன்னார்.

நிலைய அலுவலரை நாங்கள் எஸ்.ஓ. என்போம். அவர் பெயரைப் போட மாட்டேன். போட்டால் முதலில் கோபித்துக்கொள்கிறவர் அவராகத்தான் இருப்பார். தவிர, அந்தத் தம்பி இன்னும் பணியில் இருக்கிறான்.

இப்படிப்பட்ட காலிலிருந்து திரும்பினால் வழக்கமாக என்ன நடக்கும்? கயிற்றை அலசிக் காயப்போட வேண்டும். வண்டிக்குத் தண்ணீர் பிடிக்க வேண்டும். அறிக்கை எழுத வேண்டும். மாவட்ட அலுவலகத்துக்கு விவரம் சொல்ல வேண்டும். பத்திரிகைக்காரர்கள் பையன்களின் வயதைக் கேட்டு போன் செய்வார்கள் (உங்கள் நிருபரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). அன்றைக்கு எஸ்.ஓ. அத்தனையையும் என் தலையில் கட்டிவிட்டு, அந்தத் தம்பியைக் குளிக்கச் சொன்னார். மே மாதத்து வெயிலில் வெந்நீர் போடச் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் எலும்பு வரைக்கும் ஏறியிருக்கும் என்றார். அப்புறம் டீயும் தேங்காய் பன்னும் வரவழைத்து, வண்டியின் பின்படியில் அவனோடு உட்கார்ந்தார். கீழே எப்படி இருந்தது, என்ன பார்த்தாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் இருவரும் பேசவே இல்லை. நான் அறிக்கை எழுதுகிற சாக்கில் காதைத் தீட்டி வைத்திருந்தேன்.

“தம்பி, இன்னைக்கு ராத்திரி தூக்கம் வராது. வந்தாலும் அந்தக் கெணறுதான் வரும். நாலஞ்சு நாளைக்குச் சோத்துல கை வெச்சா எறங்காது. பின்னாடி இருந்து யாராவது கூப்பிட்டாத் தூக்கிவாரிப் போடும். எனக்கும் இதெல்லாம் வந்துச்சு. மொதல்ல எடுத்தது ஒரு பொம்பளைப் புள்ளை, அது போட்டிருந்த வளையல் கலர் இன்னும் ஞாபகம் இருக்குது. கொஞ்சம் கொஞ்சமாக் கொறையும். ஒரு மாசமாகியும் கொறையலைன்னா டாக்டரைப் பாக்கலாம். நானே கூட்டிட்டுப் போறேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டுப் போக மாட்டேன்.”

இவ்வளவுதான் பேசினார். எழுந்து போய் அவன் வீட்டுக்கு போன் போட்டார். “அம்மா, தம்பி இன்னைக்குப் பெரிய வேலை பார்த்துட்டு வர்றான். ரெண்டு நாளைக்கு ஒரு மாதிரி இருப்பான். ஏன் என்னன்னு நோண்டாதீங்க. அவனாப் பேசினாக் கேட்டுக்குங்க. பொணம் தொட்டவன்னு பொடக்காளியிலயே நிக்க வெச்சுராதீங்க.”

கடைசியாகச் சொன்னது வெளியூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். எங்கள் பக்கம் எழவு வீட்டுக்குப் போய் வந்தாலே பின்வாசலில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பிணத்தையே தூக்கியவன் என்றால் கேட்க வேண்டுமா? என் அம்மா இருந்த வரைக்கும் என் வீட்டிலும் அப்படித்தான். சாங்கியத்தை நான் தப்புச் சொல்லவில்லை. ஆனால் குளித்துத் துணி மாற்றிய பிறகும் வட்டிலைத் தள்ளி வைப்பது, குழந்தையைக் கையில் கொடுக்கத் தயங்குவது, இதெல்லாம் நடக்கும். யாரோ பெற்ற பிள்ளையைத் தூக்கி வந்தவனுக்குத் தன் பிள்ளையைத் தூக்க முடியாது. எங்கள் எஸ்.ஓ. அதுவரைக்கும் யோசித்திருந்தார்.

மறு வாரம் இன்னொரு கிணற்றுக் கால். மாடுதான். தம்பியை மேலே கயிறு பிடிக்கச் சொன்னார். பயந்துவிட்டான், அதனால்தான் இறக்கவில்லை என்று யாரும் வாய் திறக்க வழியில்லாமல், எல்லோரையும் முறை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். ரிடையராகும் வயதில் இருந்த என்னையும் அன்றைக்கு இறக்கினார். அந்த மாடு என்னை உதைத்தது தனிக் கதை.

ஒரு மாதம் தாண்டியும் தம்பிக்குத் தீரவில்லை. பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் வண்டியைத் துடைத்துக்கொண்டே இருப்பான். மாங்காய்த் தள்ளுவண்டி நிற்கிற வீதியை விட்டுச் சுற்றிக்கொண்டு போவான். சொன்னபடியே எஸ்.ஓ. அவனைக் கூட்டிப் போனார். அவன் ஓய்வு நாளில், இரண்டு பேரும் சாதாரண உடுப்பில், அவருடைய பைக்கில். உள்ளூரில் தெரிந்தவர் கண்ணில் படக் கூடாது என்று பக்கத்து மாவட்ட அரசு மருத்துவமனைக்கு. அவரே வரிசையில் நின்று சீட்டு வாங்கினார். கொஞ்ச நாள் மாத்திரை, சில மாதம் டாக்டரிடம் போய்ப் பேசிவிட்டு வருவது. போகிற நாளுக்கெல்லாம் தற்செயல் விடுப்பு. காரணம் என்ற இடத்தில் ‘சொந்த வேலை’. இப்போது அவன் வேறொரு நிலையத்தில் இருக்கிறான். கிணற்றில் இறங்குகிறான். மாங்காய் சாப்பிடுகிறானா என்று நான் கேட்டதில்லை.

இதில் எதற்கும் அரசாணை கிடையாது. செலவு என்று பார்த்தால் விறகு, டீ, பன், பெட்ரோல். அந்த மனிதர் ஓய்வு பெற்றபோது ஒரு சால்வை போட்டோம், குத்துவிளக்கு கொடுத்தோம். மேலிடத்தில் அவரைப் பற்றி இருந்த பேச்சு, ‘அவர் கொஞ்சம் ஸ்டாஃபுக்கு இடம் கொடுப்பார்’ என்பதுதான்.

இதற்கு நேர்மாறான அதிகாரியிடமும் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு ராத்திரி முழுக்க நெடுஞ்சாலையில் பஸ்ஸை வெட்டி ஆட்களை எடுத்தோம். மறுநாள் காலை ரோல்காலில் எங்களில் ஒருவரிடம் சாராய வாடை. வாடை வந்தது உண்மை, பணியில் அது குற்றம், அதை மறுக்கவில்லை. அந்த அதிகாரி எல்லோர் முன்னாலும், “பொம்பளையாட்ட அழுதுட்டுக் குடிச்சுட்டு வந்து நிக்கறே, எதுக்குய்யா இந்த உடுப்பு?” என்றார். சார்ஜ் மெமோ போனது. ஊதிய உயர்வு நின்றது. இடமாற்றம். போன இடத்தில் குடி கூடியதே தவிரக் குறையவில்லை. கோயிலில் மந்திரித்துக் கயிறு கட்டினார்கள், நானே ஒரு தடவை கூடப் போனேன். கடைசியில் அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் அவர் மனைவியைப் பார்த்தேன். “அவரு இன்னும் அந்த ரோட்டுலதானுங்கண்ணா நின்னுட்டிருக்கறாரு” என்றார்.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கால் வந்தால் முதல் ஆளாக வண்டியில் ஏறுவார். அவர் சின்ன வயதில் பார்த்ததும் அதுதான், கற்றதும் அதுதான். அவரை யாரும் வெந்நீரில் குளிக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 14 தீத்தொண்டு நாள். 1944-இல் அந்த நாளில் பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற ஒரு சரக்குக் கப்பல் வெடித்து, அணைக்கப் போன தீயணைப்போர் 66 பேர் இறந்தார்கள். அந்தக் கப்பலில் வெடிமருந்தும் பருத்திப் பொதியும் சேர்ந்தே இருந்தன. பஞ்சுத் தீ பார்த்த எவனும் அந்தச் சரக்கு இரண்டையும் ஒன்றாக ஏற்றச் சம்மதித்திருக்க மாட்டான். வருடா வருடம் அவர்களுக்கு மலர் வளையம் வைக்கிறோம், மௌனம் காக்கிறோம், ஒரு வாரம் பள்ளிக்கூடம், மில், ஆஸ்பத்திரி என்று செயல்விளக்கம் காட்டுகிறோம். செத்தவர்களுக்கு மரியாதை செய்யத் தெரிந்த துறை எங்கள் துறை. உயிரோடு திரும்பி வந்தவன் எப்படி இருக்கிறான் என்று நான் பணியில் இருந்த வரைக்கும் அந்த வாரத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

நம் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். 1998 பிப்ரவரி 14 கோவை குண்டுவெடிப்பில் 58 பேர் இறந்தார்கள். 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மேட்டுப்பாளையம் நடூரில் மழையில் மதில் சாய்ந்து வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் போய்விட்டார்கள். 2020 பிப்ரவரி 20 அவிநாசி அருகே கேரள அரசுப் பேருந்தில் கன்டெய்னர் லாரி மோதி 19 பேர். ஒவ்வொன்றுக்கும் நிவாரணம் அறிவித்தார்கள், வழக்குப் போட்டார்கள், வருட நினைவு நாளில் நீங்களும் செய்தி போடுகிறீர்கள். அந்த மண்ணையும் தகட்டையும் விலக்கிக் கையால் தூக்கியவர்கள் மறுநாள் எங்கே போனார்கள்? மறுநாளும் அதே நிலையத்தில்தான் இருந்தார்கள். பாம்பு பிடிக்கவோ கதண்டுக் கூட்டை அழிக்கவோ கூப்பிட்ட வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

என் மகள் மனநலப் பிரிவில் செவிலியர். எங்கள் எஸ்.ஓ. கதையை அவளிடம் சொன்னபோது, “அப்பா, அவரு எங்க ட்ரெய்னிங் எடுத்தாரு?” என்றுதான் முதலில் கேட்டாள். எங்கேயும் எடுக்கவில்லை என்றேன். அவள் சொன்ன விஷயங்களைக் கொஞ்சம் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் ஜெஃப்ரி மிட்செல் என்பவர், முதலில் தீயணைப்பு, முதலுதவி வேலை பார்த்துவிட்டு உளவியல் பக்கம் போனவர். பெரிய விபத்து முடிந்ததும் போய் வந்த எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, என்ன பார்த்தாய், என்ன தோன்றியது என்று ஒவ்வொருவரையும் சொல்ல வைக்கும் முறையை 1983-இல் எழுதினார். உலகம் முழுக்க அது பரவியது. நல்ல எண்ணம்தான். பின்னால் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், அப்படி ஒரே தடவை உட்கார வைத்துப் பேச வைப்பதால் பிறகு வரும் பாதிப்பு குறையவில்லை, சிலருக்குக் கூடியும் போகலாம் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் இப்போது அதைப் பரிந்துரைப்பதில்லை. 2011-இல் அவர்கள் வெளியிட்ட கையேட்டில் இருப்பது சாதாரணமான வேலைகள்: பக்கத்தில் இரு, தேவையானதைப் பார்த்துக் கொடு, பேசினால் கேள், பேசச் சொல்லி வற்புறுத்தாதே, வீட்டாரோடும் வைத்தியரோடும் சேர்த்துவிடு. இதை அவள் படித்துக் காட்டும்போது வண்டியின் பின்படியும் தேங்காய் பன்னும்தான் என் கண்ணில் நின்றது.

இன்னொன்று ஆஸ்திரேலியாவில் நடந்தது. நியூ சவுத் வேல்ஸ் தீயணைப்புத் துறையில், எங்கள் எஸ்.ஓ. போன்ற நிலையில் இருக்கிற அதிகாரிகளில் ஒரு பகுதியினருக்கு மட்டும் நாலு மணி நேரப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். தன் கீழே வேலை செய்கிறவனுக்கு மனசு சரியில்லை என்றால் எப்படிக் கண்டுகொள்வது, எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது, லீவில் இருப்பவனை எப்படி விசாரிப்பது, இவ்வளவுதான் பாடம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், பயிற்சி எடுத்த அதிகாரிகளின் கீழே இருந்தவர்கள் பணி சார்ந்த காரணத்துக்காக எடுத்த நோய் விடுப்பு குறைந்திருந்தது. செலவழித்த ஒவ்வொரு பங்குக்கும் ஏறக்குறைய பத்துப் பங்கு மிச்சம். 2017-இல் வந்த ஆய்வு. பயிற்சி தீயணைப்போருக்கு இல்லை, அதிகாரிக்கு என்பதைக் கவனியுங்கள். நாலு மணி நேரம் என்பது நம் ஊரில் ஒரு ஆய்வுக் கூட்டம் ஆரம்பிக்கக் காத்திருக்கும் நேரம்.

அதே 2017-இல் அமெரிக்காவில் பணியின்போது இறந்த தீயணைப்போர் 93 பேர், தற்கொலை செய்துகொண்டதாகத் தெரியவந்தவர்கள் 103 பேர் என்று ஒரு அறக்கட்டளை கணக்கெடுத்து வெளியிட்டது. இதைக் கேட்ட பிறகு அன்றைக்குப் பொழுதோட எனக்கு டீ இறங்கவில்லை.

நம் மாநிலத்தில் ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. காவல்துறையில் 2018-லேயே பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சி ஆரம்பித்தார்கள். 2021-இல் காவலர்களுக்கு வார விடுமுறைக்கு ஆணை வந்தது. காவல்துறையும் நாங்களும் ஒரே உள்துறைக்குக் கீழேதான் வருகிறோம். அவர்களுக்குக் கொடுத்ததைப் பிடுங்கச் சொல்லவில்லை, எங்கள் நிலையங்களுக்கும் அதே அளவில் கொண்டு வாருங்கள் என்கிறேன். மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். மாதம் ஒரு நாள் ஒரு நிலையத்துக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போகட்டுமே. நோயாளி யார் என்று கேட்டுக்கொண்டு வர வேண்டாம், சும்மா வரட்டும். முகம் பழகினால் பேச்சு தானாக வரும். தீயணைப்புத் துறைகளை நவீனப்படுத்த மத்திய அரசு 5,000 கோடி ரூபாய் திட்டம் போட்டிருக்கிறது. வண்டி வரட்டும், ஏணி வரட்டும், நல்ல உடுப்பு வரட்டும். அதன் மூலையிலிருந்து அந்த நாலு மணி நேரப் பாடத்துக்கும் கொஞ்சம் கிள்ளி வைக்கலாம்.

2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற எண்ணில் ராத்திரி பகலாக மனநல ஆலோசனை கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எங்கள் வாட்ச் ரூம் சுவரில் கலெக்டர் ஆபீஸ், மின்வாரியம், ஆம்புலன்ஸ், ஊரில் பாம்பு பிடிக்கிறவர் வரைக்கும் எண் எழுதியிருக்கும். அதற்குப் பக்கத்தில் இந்த ஐந்து இலக்கத்தையும் எழுத எந்த அனுமதி வேண்டும்?

சரி, பதக்கத்துக்கு வருகிறேன். பழைய சகாக்களிடம் இதைப் பேசினால் உடனே ஒரு கேள்வி வருகிறது. பதக்கம் என்று வைத்துவிட்டால் அதற்காக நடிக்க ஆரம்பித்துவிடுவார்களே? வாஸ்தவம்தான். ஜூன் 21 யோகா நாளில் எல்லோரையும் பாயில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் லீவு கேட்டவன் மேல் எரிந்து விழுகிறவர்கள் எந்தத் துறையில்தான் இல்லை? ‘மன அழுத்த மேலாண்மை முகாம்’ என்று பேனர் கட்டிப் பட்டியலில் பெயர் வாங்கப் பார்ப்பார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கிற நிலையத்தில் எஸ்.ஓ. எவ்வளவு நல்லவராக இருந்தாலும் எத்தனை பேருக்குத்தான் ஓய்வு கொடுக்க முடியும் என்றும் கேட்கிறார்கள். அதுவும் நியாயமே. பதக்கம் காலியிடத்தை நிரப்பாது.

இருந்தாலும் பதக்கம் வேண்டும் என்கிறேன். எங்கள் துறையில் ஒரு பழக்கத்தை நல்லது என்று கீழே வரைக்கும் சொல்ல அதைவிட வேகமான வழி கிடையாது. யாருக்கு எதற்காகப் பதக்கம் கொடுத்தார்கள் என்பதை எல்லா நிலையங்களிலும் பேசுவார்கள். தாம்பரம் பயிற்சி மையத்தில் எனக்கு ஏணி சொல்லிக் கொடுத்தார்கள், முடிச்சு சொல்லிக் கொடுத்தார்கள். இன்னொருவரின் பிள்ளையை எடுத்து வந்த ராத்திரி என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்த ஒரு மனிதரை ‘இடம் கொடுக்கிறவர்’ என்றார்கள். அந்தப் பேச்சு மாற, ஒரே ஒரு தடவை, ஒரு எஸ்.ஓ. மேடையேறி, தன் ஆட்களின் மனசைக் காத்தவர் என்று வாசிக்கக் கேட்டு அதை வாங்க வேண்டும். துணிச்சலுக்குக் கொடுக்கிற பதக்கத்தில் குறைத்துக் கொடுக்க வேண்டாம், தனியாக ஒரு வகை வையுங்கள். மண்டலத்துக்கு ஒன்று போதும். தகுதியானவர் இல்லை என்றால் அந்த வருடம் கொடுக்காமல் விடுங்கள்.

நடிப்பவரை வடிகட்டவும் வழி உண்டு. வழக்கமாகப் பரிந்துரை மேலிருந்து எழுதப்படுகிறது. எந்தத் தீ, எந்த மீட்பு, எத்தனை உயிர் என்று கோப்பில் இருப்பதை வைத்து எழுதுகிறார்கள். இந்த வேலை கோப்பிலேயே இருக்காது. எங்கள் எஸ்.ஓ. செய்ததற்குக் கோப்பில் மிச்சம் ‘சொந்த வேலை’ என்ற இரண்டு வார்த்தைதான். அதனால் பரிந்துரை கீழிருந்து வர வேண்டும். அந்த அதிகாரியின் கீழ் வேலை பார்த்து, வேறு நிலையத்துக்கு மாறிப் போனவர்களிடம் கேட்க வேண்டும். கூடவே இருப்பவர்கள் முகத்துக்கு நேராக உண்மை சொல்ல மாட்டார்கள். யார் சிகிச்சைக்குப் போனார்கள் என்ற விவரத்தை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கேட்கக் கூடாது. ‘உனக்கு முடியாதபோது இவர் என்ன செய்தார்?’ என்ற ஒரு கேள்வி போதும். வீட்டுப் பெண்களையும் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து உட்கார்ந்தார்கள், எந்த அதிகாரி போன் போட்டு விசாரித்தார் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். மாவட்டத்துக்குப் பத்துப் பேராவது இருப்போம். எந்த எஸ்.ஓ. டீ வாங்கிக் கொடுத்தார், எவர் பேனர் மட்டும் கட்டினார் என்று ஒன்று விடாமல் சொல்லுவோம். எங்களுக்கு இனிமேல் யாரும் மெமோ கொடுக்க முடியாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற முன்னணி தீயணைப்போர் ஒருவர்,
காங்கயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்.
(பெயரும் விலாசமும் உங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். அச்சில் வேண்டாம்.)